முதலில் நோட்டில் நடத்திப் பாருங்கள்: சொந்தமாக எழுதிய தளத்துக்குப் புது வசதி திட்டமிடும் முறை

திண்டுக்கல்லில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோயில் நோட்டீஸ், இவைதான் தொழில். கடை சாத்தியபின் ராத்திரி பத்து மணிக்கு மேல் எனக்கு இன்னொரு வேலை உண்டு. மாடித்தோட்டம் போடுகிறவர்களும் நாட்டு விதை சேர்க்கிறவர்களுமாக 212 பேர் இருக்கும் ஒரு தளத்தை நானே எழுதி நடத்துகிறேன். பதிவு எழுதலாம், பின்னூட்டம் போடலாம், விதை கேட்கலாம், கொடுக்கலாம். பிஹெச்பி என்ற புரோகிராம் மொழியில் எழுதியது, தகவல்கள் எஸ்க்யூலைட் என்ற தகவல் கிடங்கில் ஒரே கோப்பாக இருக்கின்றன.

ஆயத்தமாகக் கிடைக்கும் வேர்ட்பிரஸ் போட்டுக்கொள்ளலாமே என்று நிறையப் பேர் கேட்டார்கள். போட்டிருக்கலாம். ஆனால் எங்களுக்குத் தேவைப்பட்டது நாலைந்து காரியங்கள்தான், அவை எங்கள் பழக்கப்படி நடக்க வேண்டும். அதற்கு நானே எழுதியது சரியாக வந்தது.

சொந்தமாக எழுதிய தளத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது. எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம், தடுக்க ஆள் கிடையாது. ஒரு ராத்திரி தோன்றியது மறுநாள் காலையில் தளத்தில் இருக்கும். முதல் இரண்டு வருஷம் நான் அப்படித்தான் செய்தேன். பதக்கம், புள்ளிகள், "இந்த வாரத் தோட்டக்காரர்" என்று பல சேர்த்தேன். ஒவ்வொன்றையும் பிறகு எடுக்க வேண்டியிருந்தது. சேர்க்க ஒரு ராத்திரி போதும், எடுக்க மூன்று வாரம் ஆகும். அதன்பின் ஒரு முறை வைத்துக்கொண்டேன். உங்களிடமும் இப்படி ஒரு தளம் இருந்தால் இது பயன்படும்.

ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்குங்கள். இடது பக்கம், யார் என்ன கேட்டார்கள் என்பதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். உங்கள் மொழிக்கு மாற்ற வேண்டாம். "லைக் பட்டன் வேணும்" என்றால் அப்படியே. அதற்குக் கீழே, எந்த நேரத்தில் எதைச் செய்யப் போய் அவருக்கு இது தேவைப்பட்டது என்று கேட்டு எழுதுங்கள். இந்த இரண்டாவது வரிதான் முக்கியம். வலது பக்கத்தை ஒரு மாதம் காலியாக விடுங்கள்.

அந்த ஒரு மாதம் அந்த வசதியைக் கையால் நடத்துங்கள். புரோகிராம் இல்லாமல், நீங்களே அந்த வசதியாக இருந்து பாருங்கள். என் முறையில் பாதி இதுதான், அதனால் ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன்.

விதைப் பரிமாற்றத்துக்கு ஒரு பக்கம் வேண்டும் என்று கேட்டார்கள். என் மனதில் உடனே ஒரு படம் வந்துவிட்டது: விதைப் பெயர், அளவு, கொடுப்பவர், வாங்குபவர், வாங்கியபின் கொடுத்தவருக்கு நட்சத்திர மதிப்பீடு. கடைத் தளங்களில் பார்த்துப் பழகிய படம் அது. புரோகிராம் எழுதாமல், விதை கொடுப்பவர்கள் எனக்கு போன் பண்ணுங்கள், கேட்பவர்களும் போன் பண்ணுங்கள் என்று ஒரு பதிவு மட்டும் போட்டேன். நோட்டில் எழுதி ஆளோடு ஆளைச் சேர்த்து விட்டேன்.

முதல் வாரத்திலேயே அளவு என்ற கட்டம் அடிபட்டுப் போனது. "ஒரு கைப்பிடி இருக்கும்", "நாலே நாலு விதைதான்", "அரைப்படி, ஆனா பாதி பூச்சி". இதை எண் மட்டும் ஏற்கும் கட்டத்தில் எப்படிப் போடுவது? விதை எடுத்த தேதி கேட்டால் "போன தையில" என்றார்கள். ஜனவரியா பிப்ரவரியா என்று கேட்பதில் அர்த்தம் இல்லை. தை என்றால் தை. இரண்டையும் சாதாரண எழுத்துக் கட்டமாக வைப்பது என்று முடிவு செய்தேன்.

மூன்றாவது வாரம், நத்தம் பக்கம் இருந்து ஒரு பெரியவர் போன் பண்ணினார். பீர்க்கன் விதை ஆறு பேருக்கு அனுப்பியவர். "தம்பி, நான் குடுத்த வெத மொளச்சுச்சா இல்லையான்னு ஒருத்தரும் சொல்லலையேப்பா" என்றார். நட்சத்திரம் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, வேறு யாரும் பேசவில்லை. கொடுத்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரிய வேண்டியிருந்தது முளைத்ததா என்ற ஒரே கேள்விக்குப் பதில்தான்.

அதனால் தளத்தில் கடைசியில் வந்தது இது: விதை கைக்கு வந்ததாகக் குறித்த நாளில் இருந்து இருபதாம் நாள், வாங்கியவருக்கு "முளைத்ததா?" என்று ஒரு கேள்வி போகும். முளைத்தது, கொஞ்சம் முளைத்தது, முளைக்கவில்லை என மூன்று பதில்கள். அந்தப் பதில் விதை கொடுத்தவருக்குப் போய்ச் சேரும். எழுத நாலு நாள் ஆனது. நோட்டில் நடத்தாமல் இருந்திருந்தால் நட்சத்திரத்தைத்தான் எழுதியிருப்பேன், அந்தப் பெரியவர் அடுத்த வருஷம் விதை அனுப்பியிருக்க மாட்டார்.

கையால் நடத்தும் மாதம் முடிந்தபின் வலது பக்கத்துக்கு வாருங்கள். அங்கே டேபிளை, அதாவது தகவலைக் கட்டம் கட்டமாக வைக்கும் அட்டவணையை, பென்சிலால் வரையுங்கள். வரைந்தபின், அந்த மாதம் வந்ததிலேயே மிகக் கோணலான மூன்று தகவல்களை எடுத்து அதில் நிரப்பிப் பாருங்கள். ஒழுங்கான தகவல் எந்த டேபிளிலும் உட்காரும். "அரைப்படி, ஆனா பாதி பூச்சி" உட்காருகிறதா என்பதுதான் பரீட்சை.

இன்னொன்றையும் வலது பக்கத்தில் கட்டாயம் எழுதுங்கள்: இதை எடுக்க வேண்டி வந்தால் எப்படி எடுப்பேன்? எஸ்க்யூலைட்டில் ஒரு டேபிளுக்குப் புதுப் பத்தி (நெடுக்காக ஒரு கட்ட வரிசை) சேர்ப்பது ஒரு வரிக் கட்டளை. பத்தியை நீக்கும் கட்டளையோ 2021ல் வந்த 3.35 பதிப்பில்தான் சேர்ந்தது. அதற்கு முன் புது டேபிள் போட்டு, எல்லாவற்றையும் அதற்கு மாற்றி, பழையதை அழிக்க வேண்டும். உங்கள் தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங்கில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், தமிழில் எழுதும் தளம் என்றால் திட்டமிடும்போதே யோசிக்க வேண்டியவை தனியாகச் சில இருக்கின்றன. ஆங்கிலத் தளத்துக்கு எழுதிய வழிகாட்டிகளில் இவை கிடைக்காது. நான் தேடல் வசதி சேர்த்த கதையைச் சொன்னால் புரியும்.

எஸ்க்யூலைட்டில் எஃப்டிஎஸ்5 என்ற முழு உரைத் தேடல் உள்ளேயே இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு "கத்தரி" என்று தேடினேன். கத்தரிக்காய் பதிவு ஒன்றுகூட வரவில்லை, "கதை தரும்" என்று இருந்த ஒரு பதிவு மேலே வந்து நின்றது. இரண்டு ராத்திரி உட்கார்ந்தபின் காரணம் தெரிந்தது. அந்தத் தேடலில் வார்த்தைகளைப் பிரிக்கும் பகுதிக்கு யூனிகோட்61 என்று பெயர். அது எழுத்து, எண் என்ற வகைகளை மட்டுமே வார்த்தையின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் நம் புள்ளியும், கால், கொம்பு, சுழி எல்லாமும் "குறி" என்ற வேறு வகை. அவை வந்த இடத்தில் எல்லாம் வார்த்தை முடிந்துவிட்டதாக அது வெட்டுகிறது. கத்தரி என்பது "கத", "தர" என்று இரண்டு துண்டாகிறது. கதை தரும் என்பதும் அதே "கத", "தர" என்றே தொடங்குகிறது. கத்தரிக்காய் என்று எழுதியிருந்தாலாவது இந்த இரண்டு துண்டும் பொருந்தியிருக்கும், ஆனால் நான் சோதித்த பதிவுகளில் எல்லோரும் எழுதியிருந்தது "கத்திரிக்காய்", அது "கத", "த", "ர", "க", "க", "ய" என்று சிதறிவிட்டது.

இதற்கு இரண்டு வழி. யூனிகோட்61க்கே எந்தெந்த வகைகளைச் சேர்க்க வேண்டும் என்று சொல்லலாம். அங்கே குறி வகைகளையும் சேர்த்துவிட்டால் வார்த்தை உடையாது. ஆனால் அப்போது "கத்தரி" தேடினால் கத்தரி மட்டும்தான் வரும், கத்தரிக்காயும் கத்தரியில் என்பதும் வராது. தமிழில் வார்த்தைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே போகும் என்பதால் இது போதாது. இரண்டாவது வழி, 2020 டிசம்பரில் 3.34 பதிப்போடு வந்த டிரைகிராம். மூன்று மூன்று எழுத்துக்குறிகளாக எடுத்து வைத்துக்கொண்டு, வார்த்தையின் நடுவில் இருந்தாலும் கண்டுபிடிக்கும். நான் இதைத்தான் எடுத்தேன். இங்கே குறி என்றால் கணினி தனியாக எண்ணும் ஒவ்வொன்றும், எழுத்தானாலும் புள்ளி, கால், கொம்பு ஆனாலும். இதில் மூன்று குறிக்குக் குறைவான சொல்லைத் தேட முடியாது. "எள்" என்பது எ, ள, புள்ளி என்று மூன்று, அது பிழைத்துக்கொள்ளும். "பூ", "மா" இரண்டும் இரண்டிரண்டு குறிதான். அந்த மாதிரிச் சொல் வந்தால் மட்டும் ஒவ்வொரு பதிவாகப் புரட்டிப் பார்க்கும் மெதுவான தேடலுக்குப் போகும்படி எழுதினேன்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. எங்கள் சிறுமலைப் பக்கமும் கொடைக்கானல் கீழ்மலையிலும் சௌசௌ நிறைய விளையும். அதைப் பாதிப் பேர் "செளசெள" என்று, கொம்பும் ளகரமும் போட்டுத் தட்டுகிறார்கள். பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், கணினிக்கு வேறு சொல். யூனிகோட் சீராக்கம் என்று ஒன்று இருக்கிறது. கொ என்பதைக் கொம்பு, கால் என்று இரண்டாக அடித்தாலும் ஒன்றாக அடித்தாலும் அது ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிடும். பிஹெச்பியில் நார்மலைசர் என்ற பெயரில் அது இருக்கிறது, பதிவைச் சேமிக்கும்போதும் தேடும்போதும் இரண்டு இடத்திலும் கட்டாயம் போடுங்கள். ஆனால் ளகரச் சிக்கலை அது தீர்க்காது, ஏனென்றால் ள என்பது உண்மையிலேயே வேறொரு எழுத்து. எல்லா "ெள"வையும் மாற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள். வெள்ளரி, கெளுத்தி, தெளிப்பு எல்லாம் கெட்டுப்போகும்.

இங்கேயும் நோட்டுதான் கைகொடுத்தது. ஒரு மாதம் யார் என்ன தேடினார்கள், எது கிடைக்கவில்லை என்று எழுதி வைத்தேன். கத்தரி, கத்திரி. கொத்தவரை, சீனியவரை. சௌசௌ, செளசெள. அறுபது வரிக்கு மேல் போகவில்லை. அந்த அறுபதையும் ஒரு சின்ன டேபிளாகப் போட்டு, ஒன்றைத் தேடினால் அதன் இணையையும் சேர்த்துத் தேடும்படி செய்தேன். பெரிய அறிவு எதுவும் அதில் இல்லை, 212 பேருக்கு அது போதும்.

இதனால் எந்தப் புது வசதிக்கும் சோதனை வார்த்தைகள் என்று ஒரு பட்டியலை நோட்டின் கடைசிப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்: சௌசௌ, கொத்தவரை, எள், பூ, ஸ்ரீ. ஸ்ரீயை ஸகரத்திலும் அடிக்கலாம், ஶகரத்திலும் அடிக்கலாம், இரண்டும் ஒரே மாதிரி தெரியும். பதிவின் முதல் சில வரியைக் காட்டும் முன்னோட்டத்தில் இந்தச் சொற்களின் நடுவில் வெட்டு விழும்படி செய்து பாருங்கள். எழுத்தைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் இடம் எடுக்கும். பைட் கணக்கில் வெட்டினால் கறுப்புக் கட்டத்தில் கேள்விக்குறி வரும், குறிக் கணக்கில் வெட்டினால் "கி" என்பது "க" ஆகி நிற்கும். இடைவெளி வரும் இடத்தில் வெட்டுவதே நல்லது. கடவுச்சொல்லைத் தமிழில் வைப்பவர்கள் இருந்தால் ஒன்று: கடவுச்சொல்லை மறைத்துச் சேமிக்கும் பிகிரிப்ட் முறை 72 பைட்டுக்கு மேல் பார்ப்பதில்லை, தமிழில் அது 24 குறியோடு முடிகிறது.

பதிவின் முகவரியில் தமிழ்த் தலைப்பைப் போடலாமா என்று கேட்பார்கள். பார்க்க அழகுதான். ஆனால் வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது ஒவ்வொரு குறியும் பெரும்பாலும் ஒன்பது எழுத்துகளாக விரியும். இருபது குறித் தலைப்பு நூற்றெண்பது எழுத்தாக நிற்கும். நான் எண்ணோடு நிறுத்திக்கொண்டேன்.

இனி தளத்தில் ஏற்றுவது. அச்சுத் தொழிலில் புரூஃப் பார்க்காமல் பிளேட் போடுவதில்லை. பிளேட் போட்டபின் தெரியும் தப்புக்குக் காசு போகும். இங்கேயும் அதே கணக்கு. முதலில் தகவல் கோப்பின் நகல். ஓடிக்கொண்டிருக்கும் கோப்பைச் சும்மா காப்பி எடுத்தால், அதே நேரம் யாராவது பதிவு போட்டுக்கொண்டிருந்தால், நகல் கெட்டிருக்கலாம். வேக்கும் இன்டு என்ற கட்டளை 2019 முதல் எஸ்க்யூலைட்டில் இருக்கிறது, ஓடும்போதே சுத்தமான நகல் எடுத்துத் தரும். அந்த நகலை வீட்டுக் கணினியில் திறந்து, புது வசதியை அதில் ஓட்டிப் பாருங்கள். கற்பனைத் தகவலில் ஓட்டிப் பார்ப்பது புரூஃப் ஆகாது.

டேபிளில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் வரிசை எண் கொடுங்கள். எஸ்க்யூலைட் கோப்புக்குள்ளேயே யூசர் வெர்ஷன் என்று ஒரு எண் வைத்துக்கொள்ள இடம் இருக்கிறது. என் கோப்பில் அது இப்போது 31. வீட்டில் இருப்பதும் 31, சர்வரில் இருப்பதும் 31 என்றால் நிம்மதி. மாற்றத்தை இரண்டு நாளாகப் பிரியுங்கள். முதல் நாள் டேபிளில் புதுப் பத்தி மட்டும், பழைய புரோகிராமே ஓடட்டும். ஒன்றும் உடையவில்லை என்றால் மறுநாள் புது புரோகிராம். இதனால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எதையும் பதறிப்போய்த் திருப்பி எடுக்க வேண்டி வராது.

நாளையும் பார்த்துத்தான் செய்ய வேண்டும். எனக்கு ஆடியில் கல்யாண வேலை கிடையாது, கடை காலியாக இருக்கும், உட்கார்ந்து எழுதலாம் என்று கை துறுதுறுக்கும். ஆனால் ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள், எங்கள் ஆட்கள் எல்லாம் விதை கேட்டு, கொடுத்து, தளத்திலேயே இருக்கும் மாதம் அது. ஆடி ஒன்றில் இருந்து கடைசி வரை தளத்தில் எந்த மாற்றமும் செய்வதில்லை என்று வைத்திருக்கிறேன். எழுதுவதை எழுதுவேன், ஏற்றுவது ஆவணியில்தான். உங்கள் ஆட்களுக்கும் இப்படி ஒரு மாதம் இருக்கும், அது எது என்று கண்டுபிடித்துக் குறித்துவிடுங்கள்.

புகைப்படம் தொட்ட வசதி எதுவானாலும் ஒரு விஷயத்தை மறக்கவே கூடாது. போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை ஒளிந்திருக்கலாம். மாடியில் நின்று தக்காளியைப் படம் எடுத்துப் போடும் ஒரு அம்மா, தன் வீட்டு விலாசத்தையும் சேர்த்துப் போட்டுவிடுகிறார். படத்தைச் சிறிதாக்கிப் புதிதாகச் சேமித்தால் அந்தத் தகவல் போய்விடும். அதோடு படத்தை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்ற குறிப்பும் போய்விடும், செடிகள் படுத்துக்கொண்டு தெரியும். ஆகவே முதலில் திருப்பு, பிறகு அழி. இந்த வரிசையை நோட்டில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.

வேண்டாம் என்று சொல்வதும் திட்டத்தில் சேர்ந்ததுதான். லைக் பட்டன் கேட்ட ஒன்பது பேரிடமும் எப்போது தேவைப்பட்டது என்று கேட்டேன். "நல்லா எழுதியிருக்காங்க, ஆனா அருமைன்னு மட்டும் எழுத ஒரு மாதிரி இருக்கு" என்றார்கள். அவர்களுக்கு வேண்டியது படித்தேன் என்று தெரிவிப்பது. அதனால் "படித்தேன்" என்று ஒரு பொத்தான் வைத்தேன். எழுதியவருக்கு மட்டும் பெயர்கள் தெரியும், வெளியே எண்ணிக்கை கிடையாது. எண்ணிக்கை வைத்தால் குறைவாக வாங்கியவர் எழுதுவதை நிறுத்திவிடுவார், புதியவர்கள்தான் முதலில் நிறுத்துவார்கள். தனிமடல் வசதியை முழுக்க மறுத்துவிட்டேன். அடுத்தவர் கடிதத்தைக் காத்து வைக்கும் பொறுப்பை என் ஒரு ஆள் சர்வரில் ஏற்க எனக்கு மனம் வரவில்லை. விதை அனுப்ப விலாசம் தேவை, அது கொடுப்பவருக்கு மட்டும் தெரியும், பார்சல் கிடைத்ததாகக் குறித்த அன்றே அழிந்துவிடும்.

எல்லாவற்றையும் விட நான் பெரிதாக நினைக்கும் வசதி, வெளியே எடுத்துப்போகும் வசதி. மக்கள் எழுதிவந்த பெரிய தளங்களில் ஜியோசிட்டீஸ் 2009ல் போனது, ஆர்குட் 2014ல், கூகுள் பிளஸ் 2019ல், யாகூ குழுக்கள் 2020ல். ஒவ்வொன்றோடும் தமிழில் எழுதியது எவ்வளவோ போயிற்று. பெரிய கம்பெனி நடத்தியதே போகிறது என்றால், ஒரு டிடிபி கடைக்காரன் நடத்தும் தளம் எத்தனை நாள்? நீங்கள் எந்தப் புது வசதி சேர்த்தாலும், அதில் சேரும் தகவல் ஏற்றுமதியிலும் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அந்த வசதி முடியவில்லை என்று அர்த்தம். எங்கள் உறுப்பினர் ஒருவர் தவறியபின் அவர் மகள் கேட்டு வந்தார். அப்பா ஆறு வருஷம் எழுதியதை ஒரு பொத்தானில் எடுத்து, கடையிலேயே பக்கம் அமைத்து, நாற்பது பிரதி போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் பக்கத்தில் அவர் மாடியின் முருங்கைப் படம்.

இப்போது நோட்டில் திறந்திருக்கும் பக்கம் குரல் பதிவு. தட்டச்சு வராத பெரியவர்கள் பேசிப் போட வழி வேண்டும் என்று நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். இந்த மாதம் அந்தப் பெரியவர்கள் போனில் பேசி அனுப்புகிறார்கள், நான் கேட்டுத் தட்டச்சு செய்து ஏற்றுகிறேன். இதுவரை பதினொன்று வந்திருக்கின்றன. அதில் ஏழு பேர் செடியைப் பற்றித் தொடங்கும் முன் ஊர்ப் பெயரைச் சொல்கிறார்கள், அடுத்து அங்கே மழை பெய்ததா இல்லையா என்று சொல்கிறார்கள். மாதம் முடிந்ததும் வலது பக்கத்தில் அந்த இரண்டுக்கும் பென்சிலால் கட்டம் போடுவேன்.